பாப்பாவுக்கு ஊற்றிய பால் மருந்தும், மாமாவின் இருமலும்

கேள்வி: எனக்கு 24 வயது. திருவொற்றியூரில் இருக்கிறோம். கணவர் எனக்குத் தாய்மாமன், மாமா என்றுதான் கூப்பிடுவேன். பிரஷர் ஏறிப்போய் 31-வது வாரத்திலேயே ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். 1.4 கிலோ. பிறந்ததும் மூச்சுத் திணறல். மாட்டு நுரையீரலில் இருந்து எடுத்த 'சர்பாக்டன்ட்' என்ற மருந்தை, பால் மாதிரி இருந்தது, குழாய் வழியாக ஒரே ஒரு தடவை கொடுத்தார்கள். நான்காம் நாள் மெஷினை எடுத்துவிட்டார்கள். 34-ம் நாள் வீட்டுக்கு வந்தோம். இப்போது ஐந்து மாதம், 5.6 கிலோ. என் சித்தி பையன் நெட்டில் பார்த்துவிட்டு, "சர்பாக்டன்ட் புரோட்டீன் குறைபாடு பரம்பரை நோய், சொந்தத்தில் கட்டினால் வரும், அடுத்த குழந்தைக்கும் வரும்" என்கிறான். அன்றிலிருந்து ஆயா அழுதபடியே இருக்கிறார். உண்மையா? கொடுத்த மருந்து தீர்ந்துபோனால் மறுபடி மூச்சு முட்டுமா? நுரையீரல் புரோட்டீன் ஏறுவதற்கு ஒரு பவுடர் விற்கிறார்கள், வாங்கலாமா? மாமாவும் பிளாஸ்டிங் வேலையில் தூசி தின்று நாலு மாசமாக இருமுகிறார், அவருக்கும் அதையே கொடுக்கலாமா?
— பெயர் வேண்டாம், திருவொற்றியூர்

பதில்:

முதலில் ஆயாவின் கண்ணைத் துடையுங்கள் அம்மா. உங்கள் பாப்பாவுக்கு வந்தது பரம்பரை நோய் இல்லை. அதற்கான சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ஒரு தடவை மருந்து, நான்காம் நாள் மெஷின் போயாச்சு, ஐந்து மாதத்தில் 5.6 கிலோ. தம்பி படித்தது பொய் இல்லை. ஆனால் அது வேறு குழந்தைகளின் கதை. அதை அப்புறம் சொல்கிறேன்.

இன்னொன்று. கடைசி வரியில், போகிற போக்கில், மாமாவின் இருமலை எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பாப்பாவைவிட அந்த வரிதான் உறுத்துகிறது. அதற்கும் வருகிறேன், நடுவில் படிப்பதை விட்டுவிடாதீர்கள்.

காசிமேட்டில் மீன் வாங்கி வந்த பிளாஸ்டிக் கவரை அலசி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வராது. வாயால் ஊதினால் கன்னம்தான் வலிக்கும். உள்ளே இருக்கும் ஈரம் செய்கிற வேலை அது. நம் நுரையீரலுக்குள் இருக்கும் காற்றுப் பைகளும் ஈரமான கவர்கள்தான். பெரியவர்களுக்கு 30 கோடிக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு அளவு. மூச்சை விடும்போது பை சுருங்கும், சுருங்கச் சுருங்க ஈரம் இன்னும் பலமாக இழுத்து அதை மூடப் பார்க்கும். மூடிவிட்டால் அடுத்த மூச்சில் திறப்பது அந்த மீன் கவரைத் திறக்கிற கதைதான். 1.4 கிலோ குழந்தையின் நெஞ்சுக்கூட்டில் அதற்கான தெம்பு ஏது?

ஈரத்தின் இந்த இழுப்பைத் தணிப்பதற்குக் காற்றுப் பையின் உள்சுவரில் மிக மெல்லிய படலம் ஒன்று பரவியிருக்கிறது. அதுதான் சர்பாக்டன்ட். தண்ணீரில் சோப்பு என்ன செய்கிறதோ அதையே இது நுரையீரலில் செய்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு கொழுப்பு, ஒரு பங்கு புரதம். அந்த ஒரு பங்கில் முக்கியமானவை நான்கு (எஸ்.பி. என்றால் சர்பாக்டன்ட் புரோட்டீன்): எஸ்.பி. ஏ, எஸ்.பி. பி, எஸ்.பி. சி, எஸ்.பி. டி.

வடசென்னையில் பி அண்ட் சி என்றால் மூடிப்போன பெரம்பூர் துணி மில்தான் ஞாபகம் வரும். நுரையீரலிலும் ஒரு பி அண்ட் சி உண்டு. இவை செய்வதும் ஒரு வகையில் நெசவுதான். கொழுப்பை இழுத்துப் பரப்பி, ஒவ்வொரு மூச்சுக்கும் கசங்கி விரிகிற படலமாக்குவது பி-யும் சி-யும். ஏ-வுக்கும் டி-க்கும் முக்கிய வேலை காவல். உள்ளே நுழையும் பாக்டீரியா, வைரஸ் மேலுள்ள சர்க்கரைப் பூச்சைப் பிடித்துக்கொண்டு, "இதோ இங்கே இருக்கிறான்" என்று நுரையீரலின் துப்புரவு அணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.

இதையெல்லாம் தயாரிக்கும் அணுக்கள் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு 24-வது வாரம் வாக்கில் வேலையைத் தொடங்குகின்றன. தேவையான அளவு சேர்வதற்கு 34, 35 வாரம் ஆகிவிடும். "ஏழாம் மாசக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாசக் குழந்தை தங்காது" என்று நம் வீடுகளில் சொல்வார்கள், ஆயாவும் சொல்லியிருப்பார். நுரையீரல் கணக்கு அதற்கு நேர் எதிர். உள்ளே இருக்கிற ஒவ்வொரு வாரமும் லாபம். உங்கள் பாப்பா 31-ல் வெளியே வந்தாள். அவள் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை, மில் இன்னும் முழு உற்பத்திக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில் பச்சிளங்குழந்தை வார்டில் ஒரு சோதனை செய்வோம். பிறந்த குழந்தையின் வயிற்றிலிருந்து குழாயால் அரை மில்லி நீரை உறிஞ்சி எடுத்து, சோதனைக் குழாயில் ஊற்றி, அதோடு அரை மில்லி ஆல்கஹால் சேர்த்து, 15 விநாடி குலுக்கி, 15 நிமிஷம் அப்படியே நிறுத்தி வைப்போம். கர்ப்பத்தில் குழந்தை விழுங்கிய நீரில் அதன் நுரையீரலில் இருந்து வந்த சர்பாக்டன்டும் இருக்குமே, அந்தக் கணக்கு. சர்பாக்டன்ட் இருந்தால் ஓரத்தில் வட்டமாகக் குமிழிகள் உடையாமல் நிற்கும். இல்லையென்றால் குழாய் வெறும் தண்ணீர் போல் கிடக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குமிழி நிற்கிறதா என்று சிஸ்டரும் நானும் எட்டிப் பார்த்த அந்தக் கால் மணி நேரங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. குமிழி இல்லாத குழந்தைகளுக்கு அன்று எங்களிடம் ஆக்சிஜனைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை.

இப்படி இறக்கும் குழந்தைகளின் நுரையீரலில் இந்தப் படலம் இல்லை என்பதையே 1959-ல்தான் மேரி எல்லன் ஏவரி, ஜெரே மீடு என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். 1963-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். இரண்டு கிலோவுக்கு மேல் எடை. உங்கள் பாப்பாவைவிடப் பெரிய குழந்தை. 39 மணி நேரத்தில் மூச்சு முட்டி இறந்துபோனான். 1980-ல் ஜப்பானில் பூஜிவாரா என்ற டாக்டர், மாட்டு நுரையீரலில் இருந்து எடுத்த சர்பாக்டன்டைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துக் காப்பாற்ற முடியும் என்று எழுதினார். உங்கள் பாப்பாவுக்குக் கிடைத்தது அந்த வழியில் வந்த மருந்து.

மாட்டு மருந்து என்று யாராவது முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள். பன்றி நுரையீரலில் இருந்து செய்வதும் உண்டு. குளிர்பெட்டியில் இருந்து எடுத்த குப்பியை உள்ளங்கையில் பொத்தி வைத்துச் சூடேற்றுவார்கள். குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்குவார்கள். பிறகு எடைக்கு ஏற்ற அளவில் சில மில்லி, மூச்சுக்குழாய் வழியாக. இந்த மருந்தில் பி-யும் சி-யும் இருக்கும். ஏ-வும் டி-யும் தயாரிப்பின்போதே கழன்றுவிடும், ஏனென்றால் அவை தண்ணீரில் கரைகிறவை. கொழுப்பைப் பிரித்தெடுக்கும்போது கூட வராது. அதாவது திறக்கிற ஆள் வந்தார், காவலாளி வரவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்குக் கிருமித் தொற்று சுலபமாக வருவதற்குப் பல காரணங்கள் உண்டு, இதுவும் அதில் ஒன்று. அதனால்தான் வார்டில் கை கழுவச் சொல்லி உங்களைத் திட்டியிருப்பார்கள்.

"மருந்து தீர்ந்துபோனால்?" என்று கேட்டீர்கள். அது எப்போதோ தீர்ந்துவிட்டது. அது கைமாற்று மாதிரி. சம்பளம் வரும்வரை நாலு நாள் சமாளிக்க வாங்கியது. பிறந்து இரண்டு மூன்று நாளிலேயே குழந்தையின் சொந்த உற்பத்தி சூடுபிடித்துவிடும். வாங்கிய கைமாற்றைக்கூட அந்த அணுக்கள் வீணாக்காது, ஒரு பங்கை உள்ளே இழுத்துத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளும். உங்கள் மகள் சொந்தமாகச் சம்பாதிக்க ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகப்போகிறது. இனி திரும்பக் கேட்க ஆள் வராது.

சரி, தம்பி படித்த கதை. எஸ்.பி. பி-யைச் செய்யும் மரபணு, அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று என்ற இரண்டு பிரதியிலும் பழுதாகி, அந்தப் புரதமே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. 1993-ல் கண்டுபிடித்தார்கள். மிக மிக அரிது. அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் நிறைமாதத்தில், நல்ல எடையோடு பிறப்பார்கள். சில மணி நேரத்தில் திணறல் தொடங்கும். சர்பாக்டன்ட் ஊற்றினால் கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு பழையபடி. மெஷினிலிருந்து எடுக்கவே முடியாது. நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை இல்லாவிட்டால் சில மாதங்களில் முடிந்துவிடும். எஸ்.பி. சி-யில் வரும் பழுது வேறு மாதிரி: ஒரு பிரதி கெட்டாலே போதும், சிலருக்குக் கைக்குழந்தையிலும் சிலருக்குப் பெரியவர்களான பிறகும் நுரையீரல் தழும்பேறும். அப்படிப்பட்ட கைக்குழந்தை வேகவேகமாக மூச்சு வாங்கும், பால் குடிக்கத் திணறும், எடை ஏறாது. உங்கள் பாப்பா இந்த இரண்டு வரிசையிலும் இல்லை.

சொந்தத்தில் கட்டியதைப் பற்றியும் மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். தாய்மாமனைக் கட்டினால், பி குறைபாடு மாதிரி இரண்டு பிரதியும் கெட்டால் வருகிற நோய்களுக்கு வாய்ப்பு கூடும். அது உண்மை. ஆனால் உங்களுக்குப் பிரசவம் முன்கூட்டி ஆனது பிரஷரால். மரபணுப் பழியை அதன்மேல் ஏற்ற வேண்டாம். அடுத்த முறை உண்டானால், நாள் தள்ளிப்போன உடனேயே டாக்டரிடம் போய் "முதல் பிரசவத்தில் பிரஷர், 31 வாரம்" என்று சொல்லுங்கள். 16 வாரத்துக்கு முன்பே சிறு அளவு ஆஸ்பிரின் தொடங்கலாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். மறுபடி முன்கூட்டி எடுக்க வேண்டி வந்தாலும், அதற்கு முன் உங்களுக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலைச் சீக்கிரம் பக்குவப்படுத்தும். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்பவர் சினை ஆடுகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்து வேறு எதையோ ஆராய்ந்தபோது, பிழைக்கவே முடியாத வயதில் பிறந்த ஒரு குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார். 1972-ல் அது தாய்மார்களுக்கான சிகிச்சையாக வெளிவந்தது. உங்களுக்கும் அந்த ஊசி போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள், எழுதியிருக்கும்.

பவுடர் வேண்டாம். வாய் வழியாகப் போகிற எந்தப் புரதமும் வயிற்றில் செரித்துச் சிதைந்துதான் ரத்தத்தில் சேரும். நுரையீரல் புரதமாக அது நுரையீரலுக்குப் போய் உட்காராது. அந்தக் காசுக்கு நீங்கள் முட்டை வாங்கிச் சாப்பிட்டுப் பாப்பாவுக்குப் பால் கொடுங்கள்.

அதைவிட, வீட்டில் நிறுத்த வேண்டியவை இருக்கின்றன. தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணி காட்டுவது வேண்டாம். துண்டால் துவட்டினால் தலை காய்ந்துவிடும். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் வலை. ஆயா பழைய வழக்கப்படி எண்ணெய்க் குளியலின்போது மூக்கில் இரண்டு சொட்டு விடுகிறாரா என்று கவனியுங்கள். விட்டால் இன்றோடு நிறுத்துங்கள். அந்த எண்ணெய் நழுவிக் காற்றுப் பைக்குள் இறங்கினால், அங்கிருக்கும் துப்புரவு அணுக்களால் அதைச் செரிக்க முடியாது; தேங்கி நிமோனியா ஆகும். இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன். தடுப்பூசியைப் பிறந்த தேதியை வைத்தே போடுங்கள், குறைமாதம் என்று தள்ளிப்போட வேண்டியதில்லை.

இனி மாமா.

பிளாஸ்டிங் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். பெயிண்ட் அடிக்கும் முன் இரும்பில் துருவைக் கிளப்ப, காற்றழுத்தத்தில் எதையோ பீய்ச்சி அடிக்கிற வேலை. அந்த 'எதையோ' என்ன என்பதுதான் என் கேள்வி. காப்பர் ஸ்லாக் (தாமிரம் உருக்கியதில் மிஞ்சும் கசடு), கார்னெட் (ஒரு வகைக் கனிமத் துகள்) என்றால் ஒரு கணக்கு. மணல் என்றால் வேறு கணக்கு. மணலில் இருப்பது சிலிக்கா. அது இரும்பில் மோதித் தூள்தூளாகும்போது வரும் பொடி கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. நேராகக் காற்றுப் பைவரை போய் உட்காரும்.

பல வருஷங்களுக்கு முன் எண்ணூர்ப் பக்கத்திலிருந்து 29 வயதுப் பையன் ஒருவன் வந்தான். ஒரு சிறு பட்டறையில் மணல் அடிக்கிறவன். சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. டி.பி. என்று ஏற்கனவே ஒரு சுற்று மாத்திரை முடித்திருந்தான். எங்கள் மாடிப்படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிட்டான். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளையடித்த மாதிரி. நுரையீரலுக்குள் குழாய் விட்டுக் கழுவி எடுத்த நீர் வடித்த கஞ்சி போல் இருந்தது. பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தபோது அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

அது என்ன தெரியுமா? உங்கள் பாப்பாவிடம் இல்லாமல் போனதே, அதே சர்பாக்டன்ட் சரக்குதான், கொழுப்பும் புரதமுமாக. அவனிடம் அளவுக்கு மிஞ்சித் தேங்கிக் கிடந்தது. பழைய படலத்தை அள்ளிக்கொண்டு போக வேண்டிய துப்புரவு அணுக்களைச் சிலிக்கா கொன்றுவிடுகிறது. தயாரிக்கும் அணுக்களோ எரிச்சலில் மேலும் மேலும் ஊற்றுகின்றன. காற்று இருக்க வேண்டிய பை நிறையக் கஞ்சி. கடுமையான தூசியில் சில மாதங்களிலிருந்து ஐந்து வருஷத்துக்குள்ளேயே வரக்கூடிய சிலிகோசிஸ் இது. மெதுவாக, பத்து இருபது வருஷம் கழித்து வருவதும் உண்டு. தூசியே படாதவர்களுக்கும் வேறு காரணத்தால் இப்படித் தேங்குவது உண்டு. 1958-ல் விவரிக்கப்பட்ட நோய் அது. பெரும்பாலானவர்களுக்கு அவர்கள் உடம்பே அந்தத் துப்புரவு அணுக்களை முடக்கும் எதிர்ப்புப் பொருளைச் சுரப்பதுதான் காரணம் என்று 1999-ல் தெரிந்தது. அவர்களுக்கு ஒவ்வொரு நுரையீரலாகப் பல லிட்டர் உப்பு நீரால் கழுவினால் பெரும்பாலும் நல்ல பலன் கிடைக்கிறது. சிலிக்காவில் அந்தக் கழுவல் அவ்வளவு கைகொடுப்பதில்லை. பொடி உள்ளேயே தங்கிவிடுகிறதே.

மாமாவுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. நாலு மாச இருமலுக்கு ஆஸ்துமா, டி.பி., பீடி என்று பத்துக் காரணம் இருக்கலாம். பீடி சிகரெட் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால், புகைபிடிப்பவர்களின் காற்றுப் பைகளில் காவலாளிப் புரதங்களான ஏ-யும் டி-யும் குறைந்துபோகின்றன; டி கசிந்து ரத்தத்தில் அதிகமாகத் தெரியும். ஜப்பானில் சில நுரையீரல் நோய்களைக் கண்காணிக்க இதை ரத்தத்தில் அளக்கிறார்கள். உங்களிடம் யாராவது இந்தப் பரிசோதனையை விற்க வந்தால் இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். அவருக்கு முதலில் வேண்டியது மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும். இரண்டும் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் எடுக்கலாம். தேவைப்பட்டால் ஸ்கேனும் ஊதிப் பார்க்கும் பரிசோதனையும் அவர்களே சொல்வார்கள்.

அவசரம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் பாப்பா. சிலிக்கா படிந்த நுரையீரலில் டி.பி. சுலபமாகக் குடியேறும். அவருக்கு டி.பி. என்று தெரிந்தால் பாப்பாவுக்கும் பரிசோதனை செய்து, தடுப்பு மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே அடுத்த மாதம், சம்பளம் வந்ததும் என்று தள்ளாதீர்கள். இந்த வாரமே. ரிப்போர்ட் வரும்வரை குழந்தையின் முகத்துக்கு நேரே இருமாமல், மாஸ்க் போட்டுக்கொண்டு தூக்கட்டும். வேலைச் சட்டையை வேலையிடத்திலேயே கழற்றி, உதறாமல் கவரில் கட்டிக் கொண்டுவந்து தனியாகத் துவைக்கட்டும். அதே சட்டையோடு வந்து பாப்பாவைத் தோளில் போட்டுக்கொள்கிற பழக்கம் இருந்தால், அவள் மூக்கு எங்கே பதிகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

டாக்டரிடம் "இருமல்" என்று மட்டும் சொன்னால் சிரப் எழுதி அனுப்பிவிடுவார்கள், கூட்டம் அப்படி. "பிளாஸ்டிங் வேலை, இத்தனை வருஷம்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். சிலிகோசிஸ் என்று உறுதியானால், சட்டத்தில் உள்ள தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கும் நோய் அது; டாக்டர் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், நஷ்டஈட்டுக்கும் வழி இருக்கிறது. இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். சீட்டே இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாளைக்கு வேலைக்குப் போகும்போது, அவர்கள் அடிக்கிற சரக்கு வந்த மூட்டையின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்து வரச் சொல்லுங்கள். மூட்டை இல்லை, லாரியில் கொட்டுகிறார்கள் என்றால், ஒரு கைப்பிடி அள்ளிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரட்டும்.